சூரிச்சுக்கும் ஒஸ்லோவுக்கும் நடுவில்

புஸ்பராணி அன்ரி உலகத்தைச் சாப்பாட்டால் அளப்பவர். மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பிளேன்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் சமையற்கூடம் ஒன்றில் ட்றே அடுக்குவது அவர் வேலை. எந்த ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டால் கிலோமீற்றரில் பதில் வராது.

"லண்டனா? ஒரு பெரிய சாப்பாடு, விடியச் சின்னதா ஒண்டு. ஹொங்கொங்கா? ரெண்டு பெரிய சாப்பாடு, நடுவில ஒரு சான்விச். மொன்றியலா? பிஸ்கற். அதையும் கடிச்சு முடிக்கிறதுக்குள்ள இறக்கிருவானுகள்."

தலையில் வலைத்தொப்பி, கையில் நீல உறை, கண் ட்றேயிலேயே இருக்கும். வாய் மட்டும் கூட வேலை செய்யும் எங்களோடு. அவர் மட்டக்களப்புக்காரி. ஆரையம்பதி. யாழ்ப்பாணத்தவர்களோடு ட்றே நகரும் ஒரே பெல்ற்றில் இத்தனை வருடம் நின்றும் "இருக்கு" என்பதை "இரிக்கு" என்றுதான் சொல்வார். நாங்கள் சிரித்தால் நிமிர்ந்து பார்க்காமலே பதில் வரும்.

"சிரிங்க, சிரிங்க. நீங்க பேசுறதும் தமிழெண்டு நான் பொறுத்துக்கிட்டுத்தானே இரிக்கன்."

அவர் கணவர் குஞ்சித்தம்பி அங்கிள், மிசிசாகாவுக்கும் ஒஷாவாவுக்கும் இடையில் லொறி ஓடுகிறவர். அவர் குரலில் பேசிக்காட்டுவதுதான் உலகத்திலேயே சுலபமான காரியம். "ம்" என்றால் போதும். சம்மதமும் அதுதான், மறுப்பும் அதுதான், "சோறு போடு" என்பதும் அதுதான். ரெக்ஸ்டேலில் அவர்களுடைய ஒன்பதாம் மாடி வீட்டில் பேச்சு முழுவதும் அன்ரியின் பொறுப்பு.

அன்ரிக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி. தொண்ணூறாம் ஆண்டு ஊர் எரிந்தபோது மூன்று பேரும் மூன்று பக்கம் சிதறினார்கள். காசு வாங்கி ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் எங்கே இறக்கிவிட்டானோ அதுதான் நாடு. அண்ணன் தியாகலிங்கத்துக்கு ஒஸ்லோ வாய்த்தது. அங்கே பஸ் ஓடுகிறார். தம்பி அன்புராசாவுக்குச் சூரிச். அங்கே ஒரு ரெஸ்ரோறன்ரில் சமையல். இரண்டு ஊருக்கும் இடையில் பிளேனில் இரண்டு மணித்தியாலமும் கொஞ்சமும். ஆரம்பத்தில் கோடைக்குக் கோடை போய்வந்தார்கள். பிறகு இரண்டாயிரத்து நாலில் ஊரில் போராடிக்கொண்டிருந்த இயக்கம் கிழக்கு, வடக்கு என்று இரண்டாகப் பிரிந்தது. அண்ணன் ஒரு பக்கம் நின்றார், தம்பி மறுபக்கம் நின்றார். ரெலிபோனில் ஒருவரையொருவர் ஒரு சொல் சொன்னார்கள். எங்கள் சனம் அந்த வருடங்களில் மலிவாகப் பாவித்த சொல்தான், துரோகி என்பது. கூடப் பிறந்தவன் வாயிலிருந்து வரும்போது அதற்கு எடை கூடிவிடுகிறது. அதன்பின் ஒஸ்லோவுக்கும் சூரிச்சுக்கும் இடையில் ஒரு அழைப்புமில்லை.

அப்புறம் இரண்டாயிரத்து ஒன்பது மே வந்தது. யுத்தத்தோடு எல்லாம் முடிந்தது. எங்கள் பெல்ற்றில் நின்றவர்களில் பாதிப்பேருக்குத் தேடுவதற்கு யாரோ ஒருவர் இருந்தார். சாப்பாட்டு அறை ரீவியை யாராவது போடுவார்கள், யாராவது எழுந்துபோய் நிறுத்துவார்கள். அன்ரி அந்த மாதம் ஊர்த் தூரங்களைப் பற்றிப் பேசவேயில்லை.

ஜூனில் ஆரையம்பதியிலிருந்து செய்தி வந்தது. அவருடைய அப்பா நித்திரையிலேயே போய்விட்டார். குண்டுமில்லை, செல்லுமில்லை. வயது. மருமகன் முறையான ஒருவர் முன்னுக்கு நின்று எல்லாம் செய்தார். அந்த நேரம் ஊருக்குப் போக மூன்று பேரில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை. மிச்சமிருந்தது முப்பத்தோராம் நாள். அன்று மத்தியானம் இறந்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து, வாழையிலையில் படைத்து, பிள்ளைகள் கூடிச் சாப்பிடவேண்டும். பிள்ளைகள் கூடி என்பதுதான் சிக்கல்.

அன்ரி ஒரு மத்தியான இடைவேளையில் ஒஸ்லோவுக்கு எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். தியாகலிங்கம் அண்ணன் பேசினால் கோயில் மைக்கில் அறிவித்தல் கொடுப்பதுபோல இருக்கும். ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் ஒரு கனைப்பு.

"க்ஹும். தங்கச்சி, முப்பத்தொண்ட நான் இஞ்ச செய்யிறன். மூத்தவன் நான். க்ஹும். நீயும் வாறதெண்டா வா."

"தம்பி?"

"எந்தத் தம்பி?"

"உங்களுக்கு எத்தின தம்பி இரிக்கு?"

ஒரு நீண்ட கனைப்பு. "அவன் அவன்ட வீட்ட படைக்கட்டும்."

உடனே சூரிச்சுக்கு எடுத்தார். அன்புராசா சட்டி பானைச் சத்தத்துக்கு மேலால் பேசிப் பழகியவர். வேகமும் சத்தமும் ஒன்றாக வரும்.

"அக்கா, நான் இஞ்ச படைக்கிறன், எல்லாம் யோசிச்சிட்டன், என்னென்ன வைக்கிறதெண்டும் யோசிச்சிட்டன். அந்தாள் அங்க ஐஸ்பெட்டியில இருந்து எடுத்துச் சூடாக்கி வைக்கிறதச் சாப்பிட அப்பாக்கு என்ன தலையெழுத்து?"

"எத்தின மணிக்குப் படைப்பாய்?"

"பன்னிரண்டுக்கு. வேற எத்தினைக்கு?"

"அண்ணனும் பன்னிரண்டுக்குத்தான். ஊர்ல பன்னிரண்டு அடிக்கக்குள்ள உங்களுக்கு விடிய எட்டரை. அப்பா ஊர்ல சாப்பிட்டு வெளிக்கிட்டு வருவார், சரி. வந்து எங்க போவார்? சூரிச்லயும் ஒஸ்லோவிலயும் மணி ஒண்டாத்தானே அடிக்கும்."

"செத்தவருக்கு என்னக்கா தூரமும் நேரமும்?"

"கல்முனைக்கு பஸ் ஏறுறதுக்கே ரெண்டு நாள் யோசிச்ச மனிசன்டா. செத்த உடன பிளேன் ஓட்டப் பழகிட்டாரா?"

பெல்ற்றுக்காரர் எல்லோரும் காது கொடுத்துக்கொண்டிருந்தோம். சிரிக்கலாமா என்று யாருக்கும் தெரியவில்லை.

"அப்ப நான் மூண்டு மணிக்குப் படைக்கிறன்" என்றார் அன்புராசா. "அங்க சாப்பிட்டிட்டு ஆறுதலா வரட்டும்."

"அப்பா எந்த நாள் மூண்டு மணிக்குச் சாப்பிட்டவர்? பன்னிரண்டு தாண்டினாச் சோத்துக் கோப்பை முற்றத்தில கிடக்கும். மறந்திட்டியா?" அன்ரி ரொட்டியைக் கீழே வைத்தார். "கேளு தம்பி. ரெண்டு மணித்தியாலப் பறப்பு. உயிரோட இரிக்கிற உங்கள்ல ஒராள் பறக்கோணும். செத்த மனிசன அலையவிட ஏலாது."

"அவர்ட வாசலை நான் மிதிக்க மாட்டன்."

திரும்ப எடுத்தபோது ஒஸ்லோவிலும் அதே வசனம்தான், முன்னால் ஒரு கனைப்போடு.

அன்று பின்னேரம் முழுக்க அன்ரி அடுக்கிய ட்றேகளில் முள்ளுக்கரண்டி இடம் மாறியிருந்தது. அவருக்கு எதிரே நிற்கும் செலீன் அக்கா பேசாமல் திருத்தித் திருத்தி வைத்தார். செலீன் அக்கா பாசையூர்க்காரி, கத்தோலிக்கப் பெண், வாய் கொஞ்சம் நீளம்.

எங்கள் சாப்பாட்டு அறைச் சுவரில் ஏதோ ஒரு விமானக் கம்பெனி கொடுத்த பெரிய உலகப் படம் ஒன்று தொங்கும். மறுநாள் அன்ரி இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரன் நாடாவை உருவி எடுத்துக்கொண்டு படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"என்ன அன்ரி, சுவருக்குத் தாலி கட்டப்போறியளோ?" என்றார் செலீன் அக்கா.

"கதைக்காம இந்த நுனியப் புடி. சூரிச்ல வை. அழுத்திப் புடி."

அவர் மற்ற நுனியை ஒஸ்லோவில் வைத்தார். நாடாவை இழுத்தார், இரண்டு ஊரிலும் நகத்தால் கிள்ளி அளவெடுத்தார், சரிபாதியாக மடித்தார், மடிப்பைச் சூரிச்சிலிருந்து மேலே கொண்டுபோய் விரலால் அழுத்தினார். விரல் ஜேர்மனியின் வடக்கில் நின்றது.

"விரலுக்குக் கீழ என்ன ஊர்?"

செலீன் அக்கா குனிந்து பார்த்தார். "ஹம்பேர்க்."

"அங்க ஆர் இரிக்கா?"

"எனக்குத் தெரிஞ்சு என்ரை சித்தியின்ரை மகள் றீற்றா இருக்கிறா."

"வீடு பெரிசா?"

"வீடு சின்னன். ஆள் பெரிசு."

"போதும்" என்றார் அன்ரி. "வாசல் ரெண்டு பேருக்கும் பொதுவா இருந்தாச் சரி."

கொம்பியூட்டரில் பார்த்தபோது அன்ரியின் நாடா அவ்வளவு பிசகவில்லை. இரண்டு பக்கமும் ஏறத்தாழ எழுநூறு கிலோமீற்றர். பிளேனில் ஆளுக்கு ஒன்றரை மணித்தியாலம். ஒஸ்லோப் பக்கம் ஒரு இருபது கிலோமீற்றர் கூட. அதை யாரும் அண்ணனுக்குச் சொல்லவில்லை. அவரே கண்டுபிடித்தார்.

"க்ஹும். தங்கச்சி, நான் அளந்து பாத்தன். எனக்கு இருபது கிலோமீற்றர் கூட. மூத்தவன் நான் ஏன் கூடத் தூரம் வரோணும்?"

"அண்ணன், பிளேனுக்கு அது ரெண்டு நிமிசமும் இல்ல. இறங்கினாப் பிறகு கதவு திறக்க அதவிட நேரம் எடுக்கும்."

"நிமிசம் இல்ல கதை. முறையெண்டு ஒண்டு இரிக்கெல்லவா?"

இதைச் சூரிச்சுக்குச் சொன்னபோது அன்புராசா சட்டியை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. "அந்தாளுக்கு அதுதான் குறையெண்டா, நான் ஹம்பேர்க்கில இறங்கி எயார்போட்டச் சுத்தி இருபது கிலோமீற்றர் நடக்கிறன். முறை சரியாப் போகும். சொல்லுங்க."

"அப்ப வாறாயா?"

"நான் வாறன் எண்டு எப்ப சொன்னன்?"

அன்ரி அதற்குப் பிறகு யாரையும் வருகிறாயா என்று கேட்கவில்லை. கேட்டால்தானே இல்லை என்று சொல்வார்கள். தான் போகப்போவதாக மட்டும் அறிவித்தார்.

வேலையில் லீவு இல்லை என்றார்கள். ஜூலை மாதம் பிளேன்களெல்லாம் நிரம்பி ஓடும் காலம். சுப்பர்வைசர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து விரலாட்டி விளக்கினார். அன்ரி கழுத்திலிருந்த வேலை அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார், இங்கிலிஷில் நாலே சொல் சொன்னார்: "மை ஃபாதர். ஐ கோ." சுப்பர்வைசர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். வீட்டில் குஞ்சித்தம்பி அங்கிளிடம் சொன்னபோது அவர் "ம்" என்றார். போவதற்கு முதல் நாள் அந்த "ம்" தன் பழைய தோல்சூட்கேஸின் சில்லைக் கழற்றி எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தது.

பிளேன் ஏறுவதற்கு முன் அன்ரி இரண்டு பேருக்கும் ஒரே வசனத்தைச் சொன்னார். "நான் ஹம்பேர்க் போறன். ஆரும் வராட்டி நான் தனியப் படைக்கிறன். மகன்மார் எங்கயெண்டு அப்பா கேட்டா, அதுக்கு நானே பதில் சொல்லிக்கிறன்."

என்ன பதில் சொல்லப்போகிறார் என்று இரண்டு பேரும் தனித்தனியாகக் கேட்டார்கள். அதற்குள் அவர் ரெலிபோனை வைத்துவிட்டார்.

ஹம்பேர்க்கில் நடந்ததை அன்ரி ஒருவிதமாகச் சொல்வார், றீற்றா அக்கா ரெலிபோனில் இன்னொரு விதமாகச் சொல்வார். இரண்டிலும் ஒத்துப்போவதை மட்டும் எழுதுகிறேன்.

றீற்றா அக்காவின் வீடு மூன்றாம் மாடி. லிஃப்ற் இல்லை. முன்னறையில் பெரிய திருஇருதயப் படம். அதைப் பார்த்துவிட்டு றீற்றா அக்காதான் முதலில் தயங்கினாராம்.

"அன்ரி, படைக்கிற அறையெண்டு சொல்லுறியள். யேசுநாதரைக் கழட்டி அங்காலை வைக்கட்டோ?"

"எதுக்கு மனே? விருந்துக்கு ஆள் வரக்குள்ள வீட்டுக்காரர வெளிய அனுப்புறதா?"

முப்பத்தோராம் நாள் விடிய முதலில் வந்தது அன்புராசா. கையில் கறித்தூள், தோளில் கத்திப் பை. வந்ததும் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் தியாகலிங்கம் அண்ணன் வந்தார். வெள்ளை வேட்டியை ஒஸ்லோவிலிருந்தே கட்டிக்கொண்டு, மேலே பஸ் கம்பெனி ஜக்கெற். நிறுத்தி வைத்த ரீவியைப் பார்த்தபடி முன்னறையில் உட்கார்ந்தார். அன்ரி ஒருவருக்கும் முகம் கொடுக்கவில்லையாம். முகம் கொடுத்தால் அழுகை வந்துவிடும், அழுதால் சமையல் பிந்தும்.

முன்னறைக்கும் குசினிக்கும் நாலு எட்டு. செய்தி மட்டும் அன்ரி மூலமாகப் போய்வந்தது.

"அக்கா, இலை எந்தப் பக்கம் நுனி வைக்கிறதெண்டு அங்க கேளுங்க."

"தங்கச்சி, சமையல்காரனுக்கு அது தெரியாதா எண்டு அங்க கேளு."

"அக்கா, பஸ் ஓடுறவருக்குத் தெரியுமா எண்டு கேளுங்க."

மூன்றாம் தரம் அன்ரி நடுவில் நின்றுவிட்டார். "நான் கடலத் தாண்டி வந்தது உங்களுக்குத் தபால்காரியா இரிக்கவா?"

குசினியில் கத்திச் சத்தம் நின்றது. முன்னறையில் ஒரு கனைப்பு.

பன்னிரண்டுக்கு இலை விரித்தார்கள். அண்ணன் விளக்கேற்றினார். தம்பி பரிமாறினார். ஒருவர் கை இருக்கும் பக்கம் மற்றவர் பார்வை போகவில்லை. கும்பிட்டு முடிந்ததும் வழக்கப்படி எல்லோரும் அறையை விட்டு வெளியே வரவேண்டும். கதவைச் சாத்தவேண்டும். ஆள் பார்க்க இறந்தவர் சாப்பிடமாட்டார். கொஞ்ச நேரம் விட்டு, கதவைத் தட்டிவிட்டுத்தான் திறப்பது.

வெளியே என்றால் றீற்றா அக்காவின் நடை. ஒரு பக்கம் சப்பாத்துத் தட்டு, மறுபக்கம் மாரிக்கோட்டுகள், மூலையில் தூசி உறிஞ்சும் மெஷின். றீற்றா அக்கா இடமில்லாமல் மாடிப்படிக்குப் போய்விட்டார். அண்ணனும் தம்பியும் நெஞ்சுக்கு நெஞ்சு ஒரு சாண் இடைவெளியில் நின்றார்கள். ஒருவர் மூச்சு விட்டால் மற்றவர் பின்னால் சாயவேண்டும், பின்னால் கோட்டு. அன்ரி கதவில் முதுகைக் கொடுத்து, கையைப் பின்னால் வைத்துக் கைபிடியைப் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் போனது.

"காணும் புஸ்பம், திற" என்றார் அண்ணன் கூரையைப் பார்த்தபடி.

"இன்னும் சாப்பிட்டு முடியல்ல."

இன்னும் கொஞ்ச நேரம் போனது.

"அக்கா, கறி ஆறுது. அப்பா அஞ்சு நிமிசத்தில முடிச்சிட்டு எழும்புற ஆளெல்லவா."

"அது அப்ப. இப்ப மெதுவாத்தான் சாப்பிடுவார்."

"ஏன்?"

"வாயில பல்லில்ல." அன்ரி கைபிடியை விடவில்லை. "சமாதான காலத்தில நான் போய்ப் பாத்தன். சோத்தப் பிசைஞ்சு பிசைஞ்சு, ஒவ்வொரு வாயா. ஒரு கோப்பை முடிக்க ஒரு மணித்தியாலம். நீங்க ரெண்டு பேரும் கடைசியாப் பாக்கக்குள்ள பல்லிரிந்திச்சு."

மாடிப்படியில் நின்ற றீற்றா அக்கா, உள்ளே எல்லோரும் மயங்கிவிட்டார்களோ என்று எட்டிப் பார்த்தாராம். ஒருவர் சப்பாத்துத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், மற்றவர் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். அன்ரியின் கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. துடைக்கவில்லை. துடைக்க ஒரு கை எடுக்கவேண்டும்.

தியாகலிங்கம் அண்ணன் சப்பாத்துத் தட்டைப் பார்த்துத்தான் கேட்டார்.

"பிளேன் எவ்வளவு நேரம் எடுத்திச்சு?"

சப்பாத்துகள் பதில் சொல்லவில்லை. பதில் கோட்டுப் பக்கமிருந்து வந்தது.

"ஒண்டரை மணித்தியாலம்." பிறகு, "உங்களுக்கு?"

"எனக்கும் அவ்வளவுதான்."

"பிந்தாம வந்திச்சா?"

"ம். நேரத்துக்கு இறக்கிட்டான்."

பேச்சு அதோடு நின்றுவிடும் போலிருந்தது. அன்ரி கைபிடியை இன்னும் இறுக்கினார்.

"ஒஸ்லோவில குளிரா இப்ப?" என்றார் அன்புராசா.

"இல்ல. ஜூலையில குளிரில்ல. ராவெல்லாம் வெளிச்சம், அதான் நித்திரையில்ல. இப்ப கொஞ்ச நாளா திரைய இழுத்து மூடினாலும் நித்திரையில்ல."

"எனக்கும் மே மாசத்தில இருந்து இல்ல" என்றார் தம்பி.

அண்ணன் அப்போதுதான் தலையைத் திருப்பி அவர் முகத்தைப் பார்த்தார். "தலையெல்லாம் நரைச்சுப் போச்சேடா" என்றார்.

அன்ரி திரும்பி, கதவை மூன்று தரம் தட்டினார். திறந்தார்.

சோறு ஆறியிருந்தது. குழம்பில் எண்ணெய் படர்ந்திருந்தது. சூடாக்கட்டுமா என்று றீற்றா அக்கா கேட்டார். மூத்தவர் இலைக்கு முன்னால் சப்பணமிட்டு இருந்து, படைத்ததெல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்தார். அந்தச் சோற்றை அவர்தான் உருட்டிக் கொடுக்கவேண்டும், மற்றவர்கள் கைநீட்டி வாங்கவேண்டும். முதல் உருண்டையை யாருக்கென்று பார்க்காமலே நீட்டினார். அன்புராசா முழங்காலில் இருந்து இரண்டு கையையும் ஏந்தினார்.

"உக்காருங்க அக்கா, நீங்களும் சாப்பிடுங்க" என்றார் வாய் நிறையச் சோற்றோடு.

"நீங்க முதல்ல முடிங்க" என்றார் அன்ரி. அவர் கதவை மறுபடி சாத்தியிருந்தார். இந்தத் தரம் உள்பக்கமாக நின்று, அதே கைபிடியைப் பிடித்துக்கொண்டு.